'மாநாடு' படத்தில் மக்கள் எங்கே?

புளியறையில் சாரல் சற்று ஓய்ந்திருந்த ஒரு மாலை. கார் நடவு முடித்துக் கரையேறிய பெண்களும், கேரளத்துக்குப் போகும் லாரிகளில் சுமை ஏற்றி இறக்கும் வாலிபர்களும் செக்போஸ்டுக்குப் பக்கத்து டீக்கடையில் கூடியிருந்தார்கள். பெஞ்சின் மேல் ஒரு செல்போனைச் சொம்பில் சாய்த்து வைத்து, பத்துப் பதினைந்து தலைகள் முட்டி மோதிக்கொண்டு ஒரு சினிமாவைப் பார்த்துக்கொண்டிருந்தன. 2021 நவம்பர் 25 அன்று வெளியான 'மாநாடு' படம் அது. வருஷங்கள் ஓடியும் நம் வாலிபர்கள் அதை விடுவதாக இல்லை. சிலர் ஐந்தாறு தடவை பார்த்தவர்கள். நாமும் ஒரு டீயைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம்.

படம் முடிந்ததும் தர்க்கம் தொடங்கியது. "வாழ்ந்து முடிச்ச ஒரு நாள் திரும்பக் கெடைச்சா என்னல செய்வே?" என்று ஒருவன் கேட்டான். ஆரியங்காவுக்கு ஓடிப்போய், முதல் பரிசு விழுந்த லாட்டரிச் சீட்டை முன்கூட்டியே வாங்குவேன் என்றான் ஒருவன். பைக் விபத்தில் போன தன் அண்ணனை அன்றைக்கு வீட்டை விட்டு வெளியே விடமாட்டேன் என்றான் இன்னொருவன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்போது, சேற்றுக் காலோடு திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி வாயைத் திறந்தார்: "திரும்பக் கெடைக்கிற நாளைக்குக் கூலி உண்டாடே? இல்ல, ஒரே கூலிக்கு ரெண்டு நாள் நடணுமா?"

கடையே சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்புக்கு நடுவே நாம் இந்தப் படத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லத் தொடங்கியதும், படித்த வாலிபர் ஒருவர் குறுக்கிட்டார்: "தோழர், படத்தைப் படமா பாருங்க. இதுல அரசியல் எதுக்கு?"

இதே பல்லவியைத்தான் சினிமாப் பத்திரிகைகளும் பாடின. "புதுமையான கதை", "விறுவிறுப்பான ஓட்டம்", "பொழுதுபோக்குக்கு உத்தரவாதம்" என்று எழுதியவர்கள், கதை என்ன சொல்கிறது என்ற இடம் வந்ததும் நழுவிக்கொண்டார்கள். அந்த வாலிபருக்கும் அந்தப் பத்திரிகைகளுக்கும் சேர்த்துத்தான் நாம் இதை எழுதுகிறோம்.

கதை இதுதான். அப்துல் காலிக் என்ற வாலிபன் துபாயிலிருந்து விமானத்தில் கோவைக்கு வருகிறான். நண்பனின் கல்யாணத்தை நடத்தி வைப்பது அவன் வேலை. வழியில் அவன் கார் ஒருவன் மேல் மோதுகிறது. அடிபட்டவனும் முஸ்லிம். அவனைப் பலியாடாக வைத்து ஒரு பெரிய சூழ்ச்சி ஏற்கெனவே தயாராகியிருக்கிறது. தனுஷ்கோடி என்ற டெபுடி கமிஷனர் கையில் காலிக்கும் அவன் நண்பர்களும் சிக்குகிறார்கள். நண்பர்களைப் பிணையாகப் பிடித்துக்கொண்டு, மாநாட்டு மேடையில் இருக்கும் முதலமைச்சரைச் சுடும்படி அவனைக் கட்டாயப்படுத்துகிறார்கள். சுட்டவன் முஸ்லிம் என்று ஊரெல்லாம் கூச்சல் கிளப்பி, கலகம் மூட்டி, விழும் பிணங்களின் மேல் ஏறி நாற்காலியைப் பிடிக்க வேண்டும். முதலமைச்சரின் சொந்தக் கட்சியிலேயே பெரியவராகத் திரியும் பரந்தாமன் போட்ட திட்டம் இது. காலிக் சுடுகிறான். போலீஸ் அவனைச் சுடுகிறது. சாகிறான். கண் விழித்தால் அதே விமானம், அதே காலை, அதே நாள்! மறுபடி சாகிறான், மறுபடி அதே விமானம். அந்த ஒரே நாள் செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறது. சூழ்ச்சியை முறியடிக்கும் வரை சுற்று நிற்பதில்லை.

வெங்கட் பிரபு எழுதி இயக்கிய படம். சிலம்பரசன் காலிக்காக நடித்தார். எஸ்.ஜே. சூர்யா போலீஸ் அதிகாரி. அந்த அதிகாரிக்கும் நாள் திரும்பி வருவது தெரிந்துவிடும் இடத்திலிருந்து படம் சூடு பிடிக்கிறது. ஆட்டம் நன்றாயிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்குக் கஞ்சத்தனம் இல்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வகுப்புக் கலகம் என்பது தானாக மூண்ட தீ அல்ல, யாரோ கணக்குப் போட்டுக் கொளுத்துவது என்று இந்தப் படம் பச்சையாகச் சொல்கிறது. தமிழ் சினிமாவில் இதைச் சொன்னவர்கள் எத்தனை பேர்? 1992-ல் 'ரோஜா' வந்தது. 2012-ல் 'துப்பாக்கி', 2013-ல் 'விஸ்வரூபம்'. தாடியும் தொப்பியும் வைத்தவன் திரையில் வந்தால் வெடிகுண்டும் கூடவே வரும் என்று கொட்டகைக்குப் போகிற குழந்தை வரை பழக்கிவிட்டார்கள். அந்தப் பழக்கத்தின் நடுவே, தொழுகிற ஒருவனைக் கதாநாயகனாக்கி, 'உன் பெயர்தான் அவர்களுக்கு வேண்டிய குண்டு' என்று காட்டிய படம் இது. நம் நாட்டில் இன்றைய காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்பது தெரிந்தவர்களுக்கு இதன் விலை தெரியும்.

சரி. இது வெறும் கற்பனையா?

புளியறையிலிருந்து தென்காசி எவ்வளவு தூரம்? பஸ் ஏறினால் செங்கோட்டை வழியாக அரை மணி நேரம். அந்தத் தென்காசியில் 2006 டிசம்பரில் இந்து அமைப்பொன்றின் உள்ளூர்த் தலைவர் வெட்டிக் கொல்லப்பட்டார். 2007 ஆகஸ்டில் நடந்த மோதலில் ஆறு பேர் வெட்டுப்பட்டு மாண்டார்கள். இந்துக்களும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. ஊர் வாயடைத்துக் கிடந்தது. அந்த ரணம் ஆறுவதற்குள், 2008 ஜனவரி 24 அன்று, தென்காசி ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்தில் குண்டு வெடித்தது.

யார் வைத்தது? அன்று ராத்திரி தென்காசித் தெருக்களில் இந்தக் கேள்விக்குப் பதில் தேட யாரும் சிரமப்பட்டிருக்க மாட்டார்கள். ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்தில் குண்டு வெடித்தால் வைத்தவன் யாராக இருப்பான்? குழந்தை கூடச் சொல்லிவிடும் அல்லவா? ஆனால் சில நாட்களில் போலீஸ் பிடித்தது யாரை? இந்து அமைப்பைச் சேர்ந்தவர்களையே! இந்துக்களின் ஆத்திரத்தைக் கிளப்பிவிடுவதற்காகத் தாங்களே வைத்த குண்டு என்று போலீஸ் அதிகாரிகள் அறிவித்தார்கள்.

'படத்தைப் படமாகப் பார்' என்று சொன்ன வாலிபரே! 2021-ல் திரையில் நீர் பார்த்துக் கைதட்டிய சூழ்ச்சி, அதற்குப் பதின்மூன்று வருஷங்களுக்கு முன் உம் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் நடந்ததாகப் போலீஸே சொன்ன விஷயம். அப்போது உமக்கு ஐந்தாறு வயது இருந்திருக்கும். உம் அப்பாவைக் கேட்டுப் பாரும். அன்று தென்காசிச் சந்தைக்குச் சுமை இறக்கப் போனவர்கள் எந்த வழியாகத் திரும்பி வந்தார்கள் என்று கேளும்.

2006, 2007, 2008 என்று இந்த வருஷங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒரு கொலை, அதற்குப் பழி, பழிக்குப் பழி, பிறகு பழியைத் தயாரிக்க ஒரு குண்டு. இதுதான் நிஜமான சுழல். சினிமாச் சுழலில் செத்தவன் விமானத்தில் கண் விழித்துத் தண்ணீர் கேட்கிறான். தென்காசிச் சுழலில் செத்தவர்களில் ஒருவரும் இதுவரை எழுந்து வரவில்லை.

படத்தின் கதை நடக்கும் கோவைக்குத்தான் போவோமே. பஞ்சாலைத் தொழிலாளிகளின் ஊர். சங்கு ஊதினால் ஒரே வாசலில் நுழைந்து, ஒரே பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர்களின் ஊர். அங்கே 1997 நவம்பர் 29 அன்று ஒரு போக்குவரத்துக் காவலர் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் முஸ்லிம் வாலிபர்கள். அடுத்த இரண்டு நாட்களில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். கடைகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. அந்தப் பதினெட்டுப் பேரில் காவலரைக் கொன்றவன் யார்? எவனுமில்லை! ஒருவன் செய்ததற்கு அவன் பெயரைப் போலப் பெயர் வைத்திருந்த பதினெட்டுப் பேர் பலி. அதற்குப் பழியாக 1998 பிப்ரவரி 14 அன்று நகரமெங்கும் குண்டுகள் வெடித்தன. 58 பேர் மாண்டார்கள். அந்த ஐம்பத்தெட்டுப் பேரில் நவம்பரில் கடை எரித்தவன் எத்தனை பேர்? காய்கறி வாங்க வந்தவனும், ஆஸ்பத்திரிக்கு வந்தவனும், பஸ்ஸுக்கு நின்றவனும் செத்தார்கள். இது மதத்தைக் காக்கிற காரியமென்று இரண்டு பக்கத்திலும் சொன்னவர்கள் உண்டு. அந்த வெட்கத்தை என்ன சொல்ல!

கலக நாட்களில் ஊரடங்கு என்று ஒன்று வரும். மாளிகையில் இருப்பவனுக்கு அது ஓய்வு. அன்றாடங்காய்ச்சிக்கு? அடுப்பு எரியாது. டீக்கடை மூதாட்டி கேட்டாரே, அந்த நாளுக்குக் கூலி கிடையாது. திரும்பவும் கிடையாது.

இப்போது படத்தின் மேல் நமக்குள்ள சண்டைக்கு வருவோம்.

படத்தின் பெயர் 'மாநாடு'. மாநாடு என்றால் என்ன? மக்கள் கூடுவது. படத்திலும் கூட்டம் இருக்கிறது. கொடி இருக்கிறது, தோரணம் இருக்கிறது, தலை தலையாகத் தெரிகிறது. ஆனால் அந்தத் தலைகளில் ஒரு முகம் கூட நம் நினைவில் நிற்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் எந்த ஊர்க்காரர்கள்? என்ன கூலிக்கு என்ன வேலை செய்கிறார்கள்? யாருக்கும் அக்கறையில்லை. சுட்டால் சிதறி ஓட வேண்டும், வதந்தி கிளம்பினால் கத்தியை எடுக்க வேண்டும், கதாநாயகன் ஜெயித்தால் உயிர் பிழைக்க வேண்டும். அவ்வளவுதான் மக்களுக்குக் கொடுத்த வேஷம்! சூழ்ச்சி செய்கிறவன் மேலே இருக்கிறான், அதை முறிக்கிறவன் வானத்திலிருந்து விமானத்தில் இறங்குகிறான், நடுவிலே உள்ள லட்சோபலட்சம் பேர் வெறும் வைக்கோல் படப்பு. தீ வைப்பதா அணைப்பதா என்று மற்றவர்கள் அதன் மேல் அடித்துக்கொள்கிறார்கள்.

'ஒருவனைக் கதாநாயகனாக வைக்காமல் படம் எடுக்க முடியுமா தோழர்?' என்று நீங்கள் கேட்கலாம். எடுத்தார்களே! 1925-ல் ஐசன்ஸ்டைன் 'போட்டம்கின்' எடுத்தார். புழு நெளியும் இறைச்சியைத் தின்னமாட்டோம் என்று மறுத்த மாலுமிகள் அத்தனை பேரும் சேர்ந்துதான் அதில் கதாநாயகன். நூறு வருஷம் ஆகியும் உலகம் அதை மறக்கவில்லை. நம்முடைய சினிமா முதலாளிகளுக்கு அப்படிப்பட்ட ஆசை வராததற்குக் காரணம் கலையில் இல்லை, கல்லாவில் இருக்கிறது.

இதில் இன்னொரு தந்திரமும் இருக்கிறது. படம் எடுத்தவர்கள் தெரிந்து செய்தார்களா, தெரியாமல் செய்தார்களா என்று நாம் ஆராயவில்லை. ஒரு பரந்தாமன், ஒரு தனுஷ்கோடி. இவர்கள் ஒழிந்தால் கலகமும் ஒழிந்தது என்று திரை விழுகிறது. நிஜத்தில் அப்படியா? ஒருவன் ஓர் பொய்யைச் சொன்னால் ஆயிரம் பேர் ஏன் நம்புகிறார்கள்? பக்கத்து வீட்டுக்காரன் மேல் அந்தச் சந்தேகத்தை வருஷக்கணக்காக ஊற்றி வளர்த்தது யார்? பொய் விழுவதற்கு முன்பே நிலம் உழுது போட்டிருக்கிறது. அந்த உழவைப் பற்றிப் படம் மூச்சு விடவில்லை.

அதே நேரத்தில் 'மக்கள், மக்கள்' என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கும்பிட வந்த 65 வயது அம்மையார் ஒருவரைப் 'பிள்ளை பிடிக்க வந்தவள்' என்று அடித்தே கொன்றார்கள். அவர் செய்த குற்றம், வழியில் பார்த்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. செல்போனில் வந்த ஒரு வதந்தி போதுமானதாக இருந்தது. அடித்தவர்கள் யார்? பரந்தாமனா? தனுஷ்கோடியா? நம்மைப் போன்ற கிராமத்து ஜனங்கள்! அவர்களில் மறுநாள் வயலுக்குப் போக வேண்டியவனும் இருந்திருப்பான். அந்தக் கூட்டத்தில் ஒருவன், ஒரே ஒருவன், 'நில்லுங்கடா, முதலில் யாரென்று கேளுங்கள்' என்று குறுக்கே விழுந்திருந்தால்? சினிமாவில் இதற்கு எத்தனையோ வாய்ப்பு. அந்த ஊரில் சில நிமிஷங்கள்தான் இருந்தன. போய்விட்டன.

சரித்திரத்திலிருந்து இன்னொரு மாலையைச் சொல்கிறோம். 1948 ஜனவரி 30. டெல்லியில் காந்தியைச் சுட்டுக் கொன்றார்கள். தேசப் பிரிவினையின் ரத்தம் காயாத நாட்கள். கொன்றவன் முஸ்லிம் என்று வதந்தி புறப்பட்டுவிட்டது. அது ராத்திரிக்குள் நாடு முழுவதும் பரவியிருந்தால் எத்தனை ஆயிரம் வீடுகள் எரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கொன்றவன் ஓர் இந்து என்று வானொலி உடனே அறிவித்தது. உண்மையைச் சொன்ன ஒரு வாக்கியம்! அது எத்தனை தலைகளைக் காத்தது என்று யாரும் எண்ணிச் சொல்ல முடியாது. 'மாநாடு' படத்தில் காலிக் நூறு தடவை செத்துச் செய்ய முயன்ற காரியத்தில் ஒரு பெரும் பங்கை, அன்று நாள் திரும்பி வராமலே, சரியான நேரத்தில் சொன்ன ஒரு மெய் செய்துவிட்டது.

இந்தப் படத்தை 'விஞ்ஞானப் படம்' என்று விளம்பரம் செய்தார்கள். விஞ்ஞானம் எங்கே இருக்கிறது என்று நாம் தேடிப் பார்த்தோம். கலகத்தில் தப்பி ஓடிய ஒரு முஸ்லிம் தாய், உஜ்ஜயினியில் காலபைரவர் கோவிலில் பெற்றெடுத்த பிள்ளை காலிக். அதனால் அவனுக்குக் காலம் திரும்பி வருகிறதாம்! கோவில் அந்தத் தாய்க்கு இடம் கொடுத்தது என்ற காட்சி நமக்குப் பிடித்திருக்கிறது. அதற்கு விஞ்ஞானம் என்று பெயர் வைப்பதுதான் பிடிக்கவில்லை.

மெய்யான விஞ்ஞானம் இதைவிட வேடிக்கையானது. ஓடுகிற கடிகாரம் நிற்கிற கடிகாரத்தைவிட மெதுவாக நடக்கும் என்று 1905-ல் ஐன்ஸ்டீன் சொன்னார். 1971-ல் ஹேஃபலே, கீட்டிங் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அணுக் கடிகாரங்களை விமானத்தில் ஏற்றி உலகத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, தரையில் இருந்த கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். வித்தியாசம் இருந்தது! ஒரு விநாடியைக் கோடி கூறாக்கினால் அதில் மூன்று கூறுக்கும் குறைவு. அவ்வளவுதான். வேகமாகப் போகிறவன் எதிர்காலத்துக்கு ஒரு நூலிழை முந்திப் போகலாம் என்பது நிரூபணமாகிவிட்டது. ஆனால் நேற்றைக்குப் போய்த் திரும்பிய மனிதன் ஒருவனும் இல்லை. முன்னால் போகத்தான் பாதை உண்டு.

கால யந்திரம் என்ற கதைக்கே ஒரு பழைய வம்சாவளி உண்டு. 1895-ல் இங்கிலாந்தில் எச்.ஜி. வெல்ஸ் எழுதினார். அவர் கதாநாயகன் 8,02,701-ஆம் வருஷத்துக்குப் போகிறான். அங்கே மனிதகுலம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மேலே வெயிலில் பழம் தின்று விளையாடும் ஒரு கூட்டம். கீழே இருட்டுச் சுரங்கத்தில் யந்திரங்களோடு மாரடிக்கும் ஒரு கூட்டம். முதலாளியும் தொழிலாளியும் பிரிந்து பிரிந்து கடைசியில் இப்படியே இரண்டு ஜாதிப் பிராணிகளாகிவிட்டார்கள் என்று அவன் ஊகிக்கிறான். கீழே உள்ளவர்களை மனிதக் கறி தின்னும் பிராணிகளாக்கியதில் வெல்ஸோடு நமக்குச் சண்டை உண்டு. ஆனாலும் பாருங்கள், காலப் பயணம் என்ற கற்பனை பிறந்த காலத்திலேயே அதன் வயிற்றில் உழைப்பாளியின் கதை இருந்தது! நம்மவர்கள் கைக்கு அது வந்ததும் என்ன ஆயிற்று? 2015-ல் 'இன்று நேற்று நாளை' என்று ஒரு படம். அதில் வாலிபர்களின் கையில் கால யந்திரமே கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு அவர்கள் தொலைந்த சாமான்களைக் கண்டுபிடித்துக் கொடுத்துப் பணம் பண்ணினார்கள். சிரிப்புப் படம், குற்றமில்லை. ஆனால் 'மாநாடு' அதைவிட ஒரு படி மேலே ஏறியிருக்கிறது என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

உண்மையான கால யந்திரத்தை இன்று நம் நாட்டில் ஓட்டுகிறவர்கள் வேறு ஆட்கள். 'நானூறு வருஷத்துக்கு முன்னே உன் கோவிலை இடித்தான், ஐந்நூறு வருஷத்துக்கு முன்னே உன் ராஜாவைக் கொன்றான், வா, இன்றைக்குப் போய்க் கணக்குத் தீர்ப்போம்' என்று வாட்ஸப்பில் டிக்கெட் கிழித்து ஆள் ஏற்றுகிறார்களே, அவர்கள்தான்! பழைய காலம் பொற்காலம் என்கிறார்கள். சரி, ஏறித்தான் பார்ப்போம். ஆனால் புளியறைக்காரன் முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: வண்டி எந்த வருஷத்தில் நிற்கும்?

1956 நவம்பர் 1-க்கு முந்தி நிறுத்தினால், இந்தச் செங்கோட்டைச் சீமை திருவிதாங்கூரோடு இருந்த காலம். இன்னும் பின்னால் போ. 1936 நவம்பர் 12-க்கு முந்தி இறங்கினால், திருவிதாங்கூர் சர்க்கார் கோவில்களில் தாழ்த்தப்பட்டவன் காலடி வைக்க முடியாது. அன்றைக்குத்தான் கோவில் நுழைவுப் பிரகடனம் வந்தது. இன்னும் பின்னால் போ. 1855-க்கு முந்தி இறங்கினால், அந்த ராஜ்யத்தில் வயலில் உழைத்தவனை வயலோடு சேர்த்து விற்கலாம், வாங்கலாம். அடிமை முறை ஒழிக்கப்பட்டது அந்த வருஷம்தான். அந்தக் காலத்து நாஞ்சில் நாட்டில் தோள்சீலை போட்டுக்கொள்வதற்கே உழைக்கும் பெண்கள் போராட வேண்டியிருந்தது. 1859-ல்தான் பிரகடனம் வந்தது. பொற்காலம்! யாருக்குப் பொன்? எங்கள் பாட்டன்மாரின் முதுகுத் தோலைக் கேளுங்கள், சொல்லும்.

அவ்வளவு தூரம் போவானேன்? 1981 பிப்ரவரி 19-க்குப் போவோம். புளியறைக்குப் பக்கத்திலேயே மீனாட்சிபுரம். நூற்றுக்கணக்கான தாழ்த்தப்பட்ட மக்கள் ஒரே நாளில் இஸ்லாத்தில் சேர்ந்தார்கள். டெல்லியிலிருந்து தலைவர்கள் ஓடோடி வந்தார்கள். மதம் மாறியதைப் பற்றி நாடே பேசியது. டீக்கடைக் கிளாஸ் ஏன் தனியாக இருந்தது, பஸ்ஸில் எழுந்து நிற்க ஏன் சொன்னார்கள், இந்த மனிதர்கள் எதைத் தாங்க முடியாமல் போனார்கள் என்பதைப் பற்றி அந்தக் கூச்சலில் பத்தில் ஒரு பங்கு கூடப் பேச்சில்லை. அந்தப் பழைய காலத்துக்கு மட்டும் இவர்கள் வண்டி நிற்பதில்லை!

கடையநல்லூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். முஸ்லிம் பெண்ணும் இந்துப் பெண்ணும் அடுத்தடுத்த வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். ஆயிரத்துக்கு ஒரே கூலி. பீடி சரியில்லை என்று கழித்துத் தள்ளும்போது முதலாளி மதம் பார்த்துக் கழிப்பதில்லை. அந்த விஷயத்தில் அவருக்குப் பூரண சமத்துவம்! இந்த இரண்டு பெண்களும் கலகம் வந்த வாரத்தில் இலை வாங்கப் போக முடியாமல் கதவை அடைத்துக்கொண்டு உட்காருவதைப் பரந்தாமன் கூட்டம் என்றைக்காவது கணக்கில் எழுதியதுண்டா? கூலி உயர்வு கேட்டு இருவரும் சேர்ந்து நடக்க வேண்டிய நாளில், ஒருத்தி மற்றவளின் வாசலைத் தாண்டப் பயப்படுகிறாள். கலகத்தால் மிஞ்சிய லாபம் யார் பெட்டியில் விழுந்தது என்று கண்டுபிடிக்க டெபுடி கமிஷனர் தேவையில்லை.

ஆகவே வாலிபரே, 'இதில் அரசியல் எதுக்கு' என்று கேட்டீரே, அரசியலைப் படத்தில் வைத்தவர்கள் நாம் அல்ல. அது கதையிலேயே இருக்கிறது, தென்காசித் தெருவிலே இருக்கிறது. உம்முடைய கையில் இருக்கும் அதே செல்போனிலும் இருக்கிறது. படத்தைப் பார்த்த சாதனத்தில்தான் அடுத்த வதந்தியும் வரப்போகிறது. வரும்போது, அதை நான்கு பேருக்குத் தள்ளிவிடுவதா, அல்லது அந்த ஊரில் லோடு இறக்கும் நம் ஆளுக்குப் போன் போட்டு 'நிஜமா?' என்று கேட்பதா என்று நீர் தீர்மானிக்க ஒரு நிமிஷம் கிடைக்கும். காலிக்குக்குக் கிடைத்த மாதிரி மறுபடி கிடைக்காது.

இதையெல்லாம் டீக்கடையிலேயே சொன்னோம். வாலிபர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. 'காலிக் மாதிரி ஒருத்தன் துணிஞ்சு நிக்கிறதும் வேணும்லா தோழர்' என்றார். வேண்டும்தான். அதை நாம் மறுக்கவில்லை. துணிந்து நிற்பவன் பின்னால் நாலு பேர் நிற்கும் காட்சியைத்தான் படத்தில் தேடினோம், கிடைக்கவில்லை என்கிறோம். தர்க்கம் இருட்டும் வரை நடந்தது. முடிவு ஏற்படாததால், வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை அதே டீக்கடைக்கு எதிரில் உட்கார்ந்து பேசுவதென்று தீர்மானமாயிற்று. 2007-ல் தென்காசியில் சுமை தூக்கிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி வந்து, அந்த நாட்களில் தம் தெருவில் என்ன நடந்தது, யார் யாரை வீட்டுக்குள் வைத்துக் காத்தார்கள் என்று சொல்ல இசைந்திருக்கிறார். ராத்திரி லோடு உள்ளவர்கள் முன்கூட்டிச் சொன்னால் நேரத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். பீடி சுற்றும் பெண்களுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறோம்.

அந்த மூதாட்டியையும் அழைத்தோம். "நடவு இல்லன்னா வாரேன்" என்றார்.